தண்ணீர் குடிக்கப் பயந்த மாதங்கள்

தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் ஒரு பழக்கம்தான். முதலில் தொண்டை கேட்கும், பிறகு நாக்கு கேட்கும், கொஞ்ச நாளில் இரண்டும் கேட்பதை விட்டுவிடும். காலையில் அரை குவளைத் தேநீர், மாத்திரை போட ஒரு மடக்குத் தண்ணீர், அதோடு சரி. இப்படியே இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். நாக்கு பழகினாலும் சிறுநீரகம் பழகாது என்பது ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்த பிறகுதான் தெரிந்தது.

நான் நாலாம் வகுப்போடு நின்றவள். எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள். கேஸை அடைத்தேனா, கதவு பூட்டியிருக்கிறதா, போன் அடித்தால் யாருக்கு என்ன ஆனதோ என்று மனசு ஓடிக்கொண்டே இருக்கும். இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்ததிலேயே தீபாவளி வந்து போய்விட்டது. ஆனால் என்னைப் போல எத்தனை பேர், எந்தெந்த வீட்டில், தாகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்களோ என்று ஒரு நினைப்பு வந்தது. அது வந்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

சின்ன வயதில் வந்த காய்ச்சலில் என் இரண்டு கால்களும் விழுந்துவிட்டன. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம், அங்கேதான் வளர்ந்தேன். அப்பா சைக்கிளில் உட்கார வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோனார். நான் வளர்ந்து கனத்துப் போனதும் சைக்கிளும் நின்றது, படிப்பும் நின்றது. தோட்டத்தை விற்று வீடுகள் கட்டிய பிறகு நாங்கள் ஈப்போவுக்கு வந்து ஒரு மலிவு அடுக்குமாடியில் ஏறினோம். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனார்கள். மிஞ்சியது நானும் என் தம்பி சேகரும். அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தரைக்குப் பதிக்கும் ஓடு செய்யும் தொழிற்சாலையில் வேலை.

எங்கள் வீட்டுக் கக்கூஸ் வாசலில் ஒரு படி உண்டு. கதவும் குறுகல். சக்கர நாற்காலி உள்ளே போகாது. கையை ஊன்றித் தரையில் நகர்ந்து நானே போய்வந்துகொண்டிருந்தேன். அப்புறம் தோள்பட்டை தேய்ந்துவிட்டது, கையை ஊன்றினால் உயிர் போகிற வலி. அதிலிருந்து சேகர்தான் தூக்க வேண்டும்.

முதலில் நல்லபடியாகத் தூக்கினான். பிறகு முனகிக்கொண்டு தூக்கினான். பிறகு திட்டிக்கொண்டு. பிறகு தூக்குவதில்லை, மேல்கையைப் பிடித்து இழுப்பான். ஒரு முறை கன்னத்தில் அறைந்தான். இன்னொரு நாள் அவன் வேலைக்குக் கிளம்புகிற நேரம் பார்த்து நான் கூப்பிட்டுவிட்டேன். "இனிமே கூப்புடுவியா? கூப்புடுவியா?" என்று கேட்டு என்னைக் கக்கூஸ் தரையில் இறக்கிவிட்டு, நாற்காலியை வெளி நடைபாதையில் தள்ளிப் பூட்டிக்கொண்டு போய்விட்டான். அவன் வேலை முடிந்து வரும்வரை நான் அந்த ஈரத்தரையில் கிடந்தேன். வந்து பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். எனக்குப் பிடிக்கும் என்று நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, வாங்கி வந்திருந்தான். நெத்திலியைத் தனியாகப் பொறுக்கி எடுத்து ஊட்டியும் விட்டான்.

மறுநாளிலிருந்து நான் தண்ணீரைக் குறைத்தேன்.

சில மாதம் போனதும் ஒன்றுக்குப் போகும்போது எரிந்தது. "ஒடம்பு சூடுக்கா" என்றான் சேகர். நம் ஆட்களுக்குக் கட்டி வந்தாலும் சூடு, கண் சிவந்தாலும் சூடு. அவன் பார்லி காய்ச்சி வைத்தான். வேலை முடிந்து வரும்போது தினமும் ஓர் இளநீர் வெட்டி வாங்கி வந்தான். அக்கறை இல்லாதவன் என்று அவனைச் சொல்லவே முடியாது. அவன் குளிக்கப் போனதும் இளநீரை ஜன்னலோரக் கற்றாழைச் சட்டியில் ஊற்றிவிடுவேன். குடித்தால் போக வேண்டும், போக வேண்டுமென்றால் அவனைக் கூப்பிட வேண்டும். கற்றாழை அழுகிச் சரிந்தது. "இத்தன எளநீ குடிச்சும் சூடு எறங்கலயே" என்று அவன் பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டியிடம் போய் மூலிகைத் தண்ணீரும் கேட்டு வாங்கி வந்தான். அதுவும் சட்டிக்குத்தான் போனது.

ஒரு காலையில் குளிர் தூக்கிப் போட்டது. பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. சேகரின் முகம் எனக்கு இரண்டு மூன்றாகத் தெரிந்தது. லிஃப்ட் வேலை செய்யவில்லை. என்னை முதுகில் போட்டுக்கொண்டு அவன் படிக்கட்டில் இறங்கியதும், "அக்கா, தூங்கிடாத, பேசிக்கிட்டே வா" என்று கத்தியதும் நினைவிருக்கிறது. என்னைக் காப்பாற்றியது அந்த முதுகுதான். இதையும் எழுதாவிட்டால் நான் எழுதுவது பொய்யாகிவிடும்.

எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப்போவதில்லை. அவசரப் பிரிவில் முதல் கேள்வி, "வாரிஸ் யார்?" நோயாளிக்குப் பொறுப்பான சொந்தக்காரரை மலாயில் அப்படிச் சொல்வார்கள். அதற்குப் பிறகு எல்லாக் கேள்வியும் சேகரிடம்தான். எத்தனை நாள் காய்ச்சல், கடைசியாக எப்போது சாப்பிட்டார், மலம் போகிறாரா? நான் நடுவில் படுத்திருந்தேன், பேச்சு எனக்கு மேலே போய்க்கொண்டிருந்தது.

சிறுநீரகத்தில் கிருமி பிடித்து, அது இரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். செப்சிஸ் என்று பெயராம். கிருமியோடு சண்டை போடப் போன உடம்பு தலைகால் தெரியாமல் தன்னையே அடித்துக்கொள்வது என்று ஒரு டாக்டர் விளக்கினார். இரத்த அழுத்தம் விழுந்துவிடும், கவனிக்காவிட்டால் ஆளே போய்விடலாம். வயிற்றில் சில்லென்ற களிம்பைத் தடவி ஸ்கேன் பார்த்தார்கள். சிறுநீரை எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்பினார்கள். அதில் என்ன கிருமி வளர்கிறது, எந்த மருந்துக்கு அது சாகும் என்று பார்ப்பார்களாம், முடிவு வர நாளாகும். அதுவரை குத்துமதிப்பாக ஒரு மருந்து டிரிப்பில் இறங்கியது. பில் எவ்வளவு வருமோ என்று அந்தக் காய்ச்சலிலும் நடுங்கினேன். உடற்குறையுள்ளவர்களுக்கான அட்டையைக் காட்டினால் போதும் என்று மிஸ்ஸி சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. மிஸ்ஸி என்றால் எங்களுக்குத் தாதி.

வார்டுக்குப் போனதும் என்னைக் கேட்காமலே பேம்பர்ஸ் கட்டினார்கள். தூக்கிவிட ஆள் இல்லை, அதனால் இப்படித்தான் என்றார்கள். ஐம்பது வயதுக்கு மேல் ஒரு பொம்பளை, அடக்கத் தெரிந்தவள், நனைந்த துணியில் படுத்துக்கொண்டு யார் மாற்றுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மிஸ்ஸி வைத்துவிட்டுப் போன தண்ணீரை நான் அங்கேயும் தொடவில்லை.

டிரிப் போட்டும் சிறுநீர் தெளியவில்லை. மத்தியானம் சேகர் ரசம் சாதம் கொண்டுவந்திருந்த நேரத்தில் டாக்டர் வந்தார். சின்ன வயதுச் சீனப் பெண். மலாயில் என்னைப் பார்த்துக் கேட்டார். "ஏன் தண்ணீர் குடிப்பதில்லை?"

"குடிக்கிறாங்க டாக்டர், தெனம் எளநீ வாங்கிக் குடுக்கிறேன்" என்றான் சேகர். அவனும் மலாயில்தான் சொன்னான்.

"இளநீர் குடிக்கிறவருக்குச் சிறுநீர் இப்படி வராது. அம்மா, நீங்கள் சொல்லுங்கள்."

நான் சேகரின் செருப்பைப் பார்த்தேன். "தாகம் எடுக்கல டாக்டர்."

அழுத்தம் பார்க்கிற பட்டையைச் சுற்றுவதற்காகச் சட்டைக் கையை மேலே தள்ளினார். மேல்கையில் விரல் பதிந்த தடங்கள், சில நீலம், சில மஞ்சள். "இது என்ன?"

"தூக்கும்போது படுறது டாக்டர். ஒத்தை ஆளு நான்."

அது பொய்யும் இல்லை. டாக்டர் எதையோ எழுதிக்கொண்டு போனார். சேகர் ரசத்தை ஊதி ஊதி எனக்குக் கொடுத்தான்.

பக்கத்துக் கட்டிலில் வசந்தா என்று ஒரு பெண். தெலுக் இந்தானில் பிறந்தவள், என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவள். விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. காலில் புண் ஆறாமல் வந்து சேர்ந்திருந்தாள். வாய் ஓயவே ஓயாது. சேகர் போனதும் என் பக்கம் திரும்பினாள்.

"எந்தச் சாமிக்கு வெரதம்க்கா?"

"என்னா?"

"தண்ணி வந்த நேரத்துலேருந்து அப்படியே இருக்கே. கந்த சஷ்டிக்குக்கூட ராத்திரி குடிப்பாங்க லா."

"குடிச்சா பேம்பர்ஸ் நனையும்மா."

"ஒனக்கு வர்றது தெரியுமா?"

"தெரியும்."

"அடக்கடவுளே! மிஸ்ஸி!" வார்டே திரும்பிப் பார்த்தது. "இந்த அக்காவுக்கு ஒன்னுக்கு வர்றது தெரியுதாம். எனக்குத்தான் தெரியாது, எனக்குப் போடுங்க பேம்பர்ஸ். இவுங்களுக்கு எதுக்கு?"

நான் போர்வையை முகத்தில் இழுத்துக்கொண்டேன். ஆனால் அந்த மிஸ்ஸி நல்லவள். ஸ்டோரிலிருந்து கமோட் நாற்காலி, அதாவது நடுவில் ஓட்டை வைத்த சக்கர நாற்காலி ஒன்றைத் தேடித் தள்ளிக்கொண்டு வந்தாள். தூக்கத்தான் ஆள் இல்லை. வசந்தா தன் கட்டில் ஓரத்தில் செருகியிருந்த ஒரு வழவழப்பான பலகையை எடுத்துக் கொடுத்தாள். ஒரு முனையை என் தொடைக்கு அடியில் செருகி, மறுமுனையை நாற்காலிமேல் வைத்தார்கள். மிஸ்ஸி இடுப்பை மட்டும் பிடித்துக்கொண்டாள். நான் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். தோளில் வலி இல்லை, யாருக்கும் மூச்சு வாங்கவில்லை.

திரையை மூடிவிட்டு அவர்கள் நகர்ந்ததும் அழுகை வந்துவிட்டது. ஒரு பலகை, அவ்வளவுதான். இப்படி ஒன்று இருக்கிறது என்று இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லவில்லை. பலகை இல்லாததற்கு நான் கன்னத்தைக் கொடுத்திருக்கிறேன்.

அழுதது வசந்தாவுக்குக் கேட்டிருக்க வேண்டும். அன்று சாயங்காலம் மெதுவாகக் கேட்டாள். "கையில இருக்கிறது தம்பி வேலையா?" நான் சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டேன். "சரி, சொல்ல வேணாம். ஆனா அந்த டாக்டர் கேட்டாங்க பாரு, அவுங்களுக்குப் பதில் வேணும். அவுங்க பதில் தெரிஞ்சுதான் கேக்குறாங்க."

எனக்குத் தூக்கமே போய்விட்டது. சொன்னால் போலீஸ் வரும். சேகருக்கு வேலை போகும். தோட்டத்து ஜனங்கள் எல்லாம், கால் இல்லாதவளை வைத்துக் காப்பாற்றினவனை உள்ளே தள்ளினாள் என்பார்கள். என்னைக் கண்காணாத ஏதோ ஒரு இல்லத்தில் கொண்டுபோய்ப் போடுவார்கள். சொல்லாவிட்டால் திரும்ப அந்தப் படி, அந்தக் கதவு, அந்தக் கை. வார்டைத் துடைக்க வரும் ஒரு தமிழ் அண்ணனிடம் பட்டும்படாமல் சொல்லிப் பார்த்தேன். அவர் துடைப்பத்தை நிறுத்தி, "கூடப் பொறந்தவன்தானே தங்கச்சி, வேல செஞ்சு அசந்து வர்றவன், ஒரு வார்த்த முன்ன பின்ன வரும், பொறுத்துப் போ லா" என்றார். கெட்ட மனுஷர் இல்லை. பிறகு எனக்கு ஒரு பொட்டலம் பிஸ்கட் வைத்துவிட்டுப் போனார். ஆனால் அந்த வார்த்தையைக் கேட்ட பிறகு மிஸ்ஸி வைத்த தண்ணீரை நான் மறுபடி தள்ளி வைத்தேன்.

கல்ச்சர் முடிவு வந்தது. மருந்தை மாற்றினார்கள், காய்ச்சல் இறங்கியது. வார்டில் எல்லாரும் காய்ச்சல் இறங்கத்தான் வேண்டிக்கொள்வார்கள். நான் மட்டும் மிஸ்ஸி தெர்மாமீட்டரைப் பார்க்கும்போதெல்லாம் ஏறியிருக்கக் கூடாதா என்று பார்த்தேன். இறங்கினால் வீடு.

"இன்னும் ரெண்டு மூணு நாள்ல அழைச்சுட்டுப் போலாமாம்" என்றான் சேகர், சந்தோஷமாக. கட்டில் தலைமாட்டில் கையை வைத்திருந்தான். "இனிமே ஒழுங்கா தண்ணி குடிக்கணும்க்கா. டாக்டர் என்னையத்தானே திட்டுறாங்க."

அந்த நேரம் பார்த்து டாக்டர் சுற்றுக்கு வந்தார். என் ஃபைலைப் பார்த்து, சேகரைப் பார்த்து ஏதோ தொடங்கினார். எங்கிருந்து அந்தக் குரல் வந்தது என்று எனக்கே தெரியாது. உடைந்த மலாயில் சொன்னேன். "டாக்டர், என் தம்பியைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொல்லுங்கள்."

"என்னாக்கா?" என்றான் சேகர். சிரித்தான். "என்கிட்ட மறைக்க என்னா இருக்கு?"

"வெளியே நில்லுடா."

அவன் சிரிப்பு போய்விட்டது. மிஸ்ஸி திரையை இழுத்தாள். திரைக்குக் கீழே அவன் கால்கள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றன. நான் வாயைத் திறக்கவில்லை. டாக்டரும் அவசரப்படுத்தவில்லை. கால்கள் நகர்ந்து போன பிறகு சொன்னேன். தண்ணீரிலிருந்து ஆரம்பித்து, கக்கூஸ் தரைவரை, கற்றாழைச் சட்டிவரை. மலாய் தட்டிய இடத்தில் திரைக்கு அந்தப் பக்கமிருந்து வசந்தா வார்த்தை எடுத்துக் கொடுத்தாள்.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். முடிந்ததும், "இதற்குப் பெயர் வன்முறை. கவனிப்பவர் களைத்துப் போவது உண்மை. அதற்கு உதவி செய்ய வேண்டும். அடி அதில் சேராது" என்றார். பிறகு, "நீங்கள் என்ன விரும்புகிறீர்கள்?" என்று கேட்டார். அப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதே இல்லை.

மருத்துவமனையின் சமூகநல அதிகாரி வந்தார், மலாய்க்கார அம்மா. தம்பியைக் கூப்பிட்டு அறிவுரை சொல்லி அனுப்பட்டுமா என்றார். அறிவுரை கேட்டுவிட்டு அவன் வீட்டுக் கதவைச் சாத்திய பிறகு என்ன நடக்கும் என்று நான் கேட்டேன். அப்படியானால் அரசாங்க இல்லம் இருக்கிறது, வேறு மாநிலத்தில், இடம் காலியானால் போகலாம் என்றார். என் முகம் எப்படிப் போனதோ, வசந்தா கட்டிலிலிருந்தே கையைத் தூக்கினாள்.

"புவான், மூணாவதா ஒன்னு இருக்கு." புவான் என்றால் மலாயில் அம்மா.

அவளும் சக்கர நாற்காலியில் இருக்கும் இன்னும் இரண்டு பெண்களும் ஈப்போவில் படி இல்லாத ஒரு தரைவீட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். காலையும் மாலையும் ஒரு உதவியாளர் வருவார். அவரை வைத்ததும் இவர்கள்தான், வேலை சொல்வதும் இவர்கள்தான். முன்பு கூட இருந்த இன்னொருத்தி கல்யாணமாகிப் போனதில் ஒரு அறை காலி.

"பாவம்னு கூப்புடல" என்றாள் என்னிடம். "உதவித்தொகை வருதுல்ல, வாடகையில பங்கு குடுக்கணும். சாம்பார் வைக்கத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப சரி. என் சாம்பார அவளுங்க திங்க மாட்டேங்குறாளுங்க."

அதிகாரி அந்த வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நான் அங்கேதான் போகிறேன், தம்பியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் என்றேன். போலீசிலிருந்து ஒரு பெண் வந்து நான் சொன்னதை எழுதிக்கொண்டார். தம்பியை என்ன செய்வீர்கள் என்று அவரை நான் கேட்டுக் கேட்டு நச்சரித்தேன். விசாரிப்போம், நீங்கள் இருக்கிற இடத்துக்கு அவர் வரக் கூடாது என்று கேட்டால் அதற்கும் வழி உண்டு என்றார். கையெழுத்துப் போடும்போது என் பெயர் அஞ்சலை என்பதே மறந்து, முதல் எழுத்தை இரண்டு தடவை போட்டேன்.

வசந்தா எனக்கு முன்பே வீட்டுக்குப் போய்விட்டாள். நான் வெளியாகும் நாளில் வேன் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தாள். சேகர் முன்பே வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த என் நாற்காலியில் மிஸ்ஸி என்னைப் பையோடு உட்கார வைத்து, லிஃப்ட் அருகில் காத்திருக்கச் சொன்னாள். முதலில் வந்தது வேன் இல்லை. லிஃப்ட் திறந்தது, சேகர் வந்தான். சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தான். கண் வீங்கியிருந்தது.

"காரு கீழ நிக்குது" என்றான். "வாக்கா, போலாம்."

"நான் வரல சேகர். ஒங்கிட்ட சொல்லச் சொல்லியிருந்தேனே."

"சொன்னாங்க. வீட்ட வந்து பாரு மொதல்ல. கக்கூஸ் படிய ஒடச்சுட்டேன்க்கா. கதவையும் எடுத்துட்டுத் தெரை போட்டுட்டேன். நாற்காலி உள்ள போவும். நேத்து பூரா நானேதான் ஒடச்சேன்." கையை விரித்துக் காட்டினான். கொப்புளம் கட்டியிருந்தது.

என் மனசு அங்கேயே பாதி கரைந்துவிட்டது. அந்தக் கையைப் பிடித்துப் பார்க்க வேண்டும் போலிருந்தது. பார்த்தால் போய்விடுவேன் என்றும் தெரிந்தது.

"படி என்னைய அடிக்கலடா" என்றேன்.

அவன் முகம் மாறியது. "ரிப்போட்டு எழுதிக் குடுத்துட்ட. சொந்தத் தம்பி மேல. அம்மா இருந்தா தாங்குவாங்களா? ஒன்னைய யாருக்கா பாத்துக்குவா? கால் இல்லாத நாலு பேரு சேந்து என்னா செய்வீங்க? போதும், வா."

நாற்காலியின் பின்கைப்பிடியைப் பிடித்து லிஃப்டைப் பார்த்துத் திருப்பினான். சக்கரம் நகர்ந்தது. இந்த நாற்காலி எத்தனையோ தடவை இப்படித்தான் என்னைக் கேட்காமல் நகர்ந்திருக்கிறது. நான் இரண்டு பக்கமும் குனிந்து பிரேக்கை அழுத்தினேன். நாற்காலி குலுங்கி நின்றது. தோளில் மின்னல் அடித்த மாதிரி வலி.

"கைய எடு சேகர்."

சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலும். மருந்து கொடுக்கும் இடத்தில் வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். மிஸ்ஸி மேசையைவிட்டு எழுந்து வந்தாள். அவளுக்குப் பின்னால் காவலாளியும் வந்தார். சேகர் கையை எடுத்தான். எங்கே வைப்பது என்று தெரியாத மாதிரி இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான்.

அப்போதுதான் அடுத்த லிஃப்ட் திறந்து வசந்தா வந்தாள். ஒன்றும் பேசவில்லை. அவளும் பேசாமல் இருப்பாள் என்று அன்றுதான் பார்த்தேன். என் பக்கத்தில் வந்து நாற்காலியை நிறுத்திக்கொண்டாள்.

சேகர் போவதற்குத் திரும்பினான். லிஃப்ட் திறந்து, மூடி, அவனில்லாமல் போனது. முதுகைக் காட்டியபடியே கேட்டான்.

"பாக்க வரலாமா?"

அவன் என்னிடம் அனுமதி கேட்கிறான் என்பது எனக்குக் கொஞ்சம் பிந்தித்தான் உறைத்தது.

"போன் பண்ணிக் கேளு" என்றேன். "வான்னு சொன்னா வா. வேணாம்னு சொன்னா வராத."

"சரிக்கா."

அடுத்த லிஃப்டில் ஏறினான். கதவு மூடும்போது தலையைக் குனிந்துகொண்டிருந்தான். காவலாளி திரும்பிப் போனார். மிஸ்ஸி என் பையை மடியில் சரியாக வைத்துவிட்டாள்.

"போலாமாக்கா?" என்றாள் வசந்தா.

என் கை இன்னும் பிரேக்கிலேயே இருந்தது. விரல் பிரியவில்லை. அவள் குனிந்து எடுத்துவிடப் பார்த்தாள்.

"இரு, நானே எடுக்கிறேன்" என்றேன். நேரமானது, ஆனாலும் அவள் காத்திருந்தாள்.